நான்கு பிராசசர்களும் லெட்சுமி அக்காவின் தராசும்

சென்ற மாதம் செனாவாங்கில் ஒரு கடைக்குக் கைப்பேசி வாங்கப் போனேன். கடையிலிருந்த பெண் ஒன்றை எடுத்து நீட்டி, "இது எட்டு கோர் அங்கிள், ரொம்ப லாஜு லா" என்றாள், அதாவது எட்டு மூளை, அதனால் வேகம். எட்டும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் வேலை செய்யுமா என்று கேட்டேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒரு வருடம் வாரண்டி இருக்கிறது என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. பல மூளைகளை ஒரே வேலையில் இறக்கினால் என்ன நடக்கும் என்று அவள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். இதை எங்கள் பழைய ஆபீஸ் நண்பர்களிடம் சொன்னபோது, அந்தக் கதையை முழுதாக எழுது, பாதிப் பேருக்குப் பாதிக் கதைதான் தெரியும் என்றார்கள். எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பிறகு சிரம்பானில் உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம்வரை, பிறகு கோலாலம்பூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் அட்டையில் துளை போடும் பயிற்சி. எழுபதுகளின் நடுவில், பெடாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்த செம்பனை ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஐந்து வருடம் எண்களைத் தட்டினேன். அடுத்த ஐந்து வருடம் எண்களைத் தட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். தோட்டத்தில் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள், என்னைக் "கம்ப்யூட்டர் கிராணி" என்பார்கள். என் அம்மா மட்டும், மகன் டைப்படிக்கிறான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வேலை இதுதான். அறுபத்து நான்கு வகைச் செம்பனையை, அதாவது எண்ணெய் எடுக்கும் பனையை, நட்டு வைத்திருந்தோம். ஒவ்வொரு வகையும் நான்கு வயல்களிலும் இருக்கும், ஏனென்றால் ஒரு வயலின் மண் நல்லதாக இருந்துவிட்டால் அங்கே நட்ட வகைக்கு அநியாயமாகப் பெயர் கிடைத்துவிடும். ஒவ்வொரு மரத்திலும் வெட்டிய ஒவ்வொரு குலையையும் தனியாக எடை போட்டு, மரத்தின் எண்ணோடு எழுத வேண்டும். பத்து வருட எடையைக் கூட்டி, பெருக்கி, ஒவ்வொரு வகையையும் மற்ற வகைகளோடு ஒப்பிட்டு, இந்த மூன்று வகைதான் சிறந்தது என்று சொல்ல வேண்டும். அந்த மூன்றின் விதையைத்தான் கம்பெனியின் மற்ற தோட்டங்களில் நடுவார்கள். செம்பனை இருபத்தைந்து வருடம் நிற்கும். தப்பான வகையை நட்டால் இருபத்தைந்து வருடம் அந்தத் தப்பு எல்லோர் கண்ணெதிரிலும் நின்றுகொண்டிருக்கும்.

எடை போடும் ஆட்களுக்கு மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், லெட்சுமி அக்கா. ஐம்பது வயதிருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். அவருக்குக் கீழே நான்கு பேர் தராசோடு வயலுக்குப் போவார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவரே கூட்டி எழுதிய மொத்தத்தோடு வயல் புத்தகம் மாதம் ஒருமுறை என் மேசைக்கு வரும். அதில் அடித்தல் திருத்தல் இருக்காது, செம்பனை முள் குத்திய ரத்தக்கறை மட்டும் இருக்கும்.

என் மேலதிகாரி மிஸ் லியோங். மந்தினுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வாசலில் அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் வளர்ந்ததால் எங்களைவிட நன்றாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். பிறகு வெளிநாட்டில் புள்ளியியல் படித்துவிட்டு வந்தார், ஆனால் தமிழ் மாறவில்லை. அவரிடம் யாராவது எதையாவது சொன்னால் அவர் கேட்கும் ஒரே வார்த்தை, "காட்டு." பிரிண்டர் ஓடவில்லை என்றால் காட்டு. வயிற்று வலி என்று லீவு கேட்டால்கூட ஒரு கணம் அந்தச் சொல் வாய்வரை வந்து திரும்பும்.

கம்ப்யூட்டர் அறைக்கு அவர் போட்ட விதிகள் கதவில் ஒட்டியிருக்கும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் செருப்பைப் போட வேண்டும். உள்ளே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. எந்த வேலையை ஓட்டினாலும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஓட்டியவர் பெயர் மூன்றையும் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். முடிவுத்தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் பென்சிலால் கையெழுத்துப் போடுவார். ஏன் பேனாவால் போடவில்லை என்று ஒருநாள் கேட்டேன். தப்பு என்று தெரிந்தால் அழிக்க வேண்டுமே என்றார். ஏர்கோன் அங்கே அவ்வளவு குளிராக இருக்கும் என்பதால் எல்லோருக்குமாகக் கதவருகே ஒரு கம்பளிச் சட்டை தொங்கியது. அதை ஏழு வருடத்தில் ஒருமுறைதான் துவைத்தார்கள்.

தொண்ணூறுகள் பிறக்கும் நேரத்தில் புதிய இயந்திரம் வந்தது. பழையதில் ஒரே ஒரு பிராசசர், அதாவது கணக்குப் போடும் மூளை ஒன்று. வருடாந்திரக் கணக்கை முடிக்க முழுதாக இரண்டு நாள் எடுக்கும். புதியதில் நான்கு மூளைகள், நான்குக்கும் பொதுவாக ஒரே நினைவகம். கோலாலம்பூரிலிருந்து ரிச்சர்ட் என்ற என்ஜினியர் கழுத்துப்பட்டையோடு வந்து இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். நான்கு மூளை என்றால் நான்கு மடங்கு வேகம் என்று பலகையில் எழுதி அடிக்கோடிட்டார். நிலையத்தின் மேனேஜர் தேவசகாயம் துரை கை தட்டினார். காலுறையில் ஓட்டை இருந்ததால் அவர் கடைசிவரை கம்ப்யூட்டர் அறைக்குள் வரவில்லை, கதவில் நின்றே கை தட்டினார்.

பழைய புரோகிராமை நான்கு மூளைக்கும் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான்கு வயல், நான்கு மூளை. ஆளுக்கு ஒரு வயல் என்று பிரித்தேன். அறுபத்து நான்கு வகைக்குமான மொத்தங்கள் பொது நினைவகத்தில் ஒரே பட்டியலாக இருக்கும், ஒவ்வொரு மூளையும் தன் வயலின் எடையை அதில் கூட்டிக்கொண்டே போகும். பார்க்க மிக அழகாக இருந்தது. இரண்டு நாள் வேலை முக்கால் நாளுக்குள் முடிந்தது. நான் வீட்டுக்குப் போகும் வழியில் பெடாஸ் கடையில் அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

மறுநாள் முடிவைத் துரை வாங்கிக்கொண்டு போனார். மிஸ் லியோங் அந்த வாரம் லீவில் இருந்தார். பக்கங்களில் பென்சில் கையெழுத்து இல்லை என்பதை நான் சொன்னேன். புதிய இயந்திரத்துக்குப் பென்சில் எதற்கு என்றார் துரை. இயந்திரம் சொன்ன மொத்தத்தை, வயல் புத்தகங்களில் பக்க அடியில் லெட்சுமி அக்கா எழுதியிருந்த மொத்தங்களோடு அவரே ஒப்பிட்டுப் பார்த்தார். புத்தகத்தில் எடை அதிகம், இயந்திரத்தில் குறைவு. வித்தியாசம் பல டன்.

இரண்டு நாள் கழித்து லெட்சுமி அக்கா ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். கையில் ஒரு கடிதம். அன்று காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், எல்லோர் முன்னாலும் துரை கொடுத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இருந்தது.

"படிச்சி சொல்லுங்க தம்பி. நல்ல சேதின்னா சத்தமா படிங்க."

சத்தமாகப் படிக்கவில்லை. எடையை வேண்டுமென்றே அதிகமாகக் கூட்டி எழுதியதாகச் சந்தேகம், இரண்டு வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டும், அதுவரை எடை போடும் வேலையிலிருந்து விலக்கிப் புல் வெட்டும் வேலையில் போடப்படுகிறார், விளக்கம் சரியில்லை என்றால் வேலை இல்லை. இதை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன்.

அவர் அழவில்லை. கடிதத்தைத் திருப்பி வாங்கிப் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.

"யாரு சொன்னது நான் கூட்டி எழுதுனேன்னு?"

"கம்ப்யூட்டர் சொல்லுதுக்கா."

"அது எப்ப வயலுக்கு வந்துச்சி?" என்றார்.

அவர் போன பிறகு, சாப்பிட வாங்கி வந்த மீகூன் பொட்டலத்தைத் திறக்காமலே ஓரமாக வைத்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், இயந்திரத்தைச் சந்தேகப்படவேண்டும் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. அக்கா அவசரத்தில் கூட்டலில் தவறியிருப்பார் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை எடுத்துப் போட்டது ஒரு பல்லி.

துரை இன்னொரு பிரதி கேட்டார். பிரிண்டரைப் போட்டேன். ஏர்கோன் மேலே எப்போதும் இருக்கும் பல்லி ஒன்று தாளோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. தாள் கிழிந்து, பிரிண்டர் நின்று, பல்லி வாலை மட்டும் விட்டுவிட்டுத் தப்பித்தது. அந்தக் குழப்பத்தில் நான் அழுத்தக் கூடாத எதையோ அழுத்த, சேமித்து வைத்த முடிவு அழிந்தது. வேறு வழியில்லை. கணக்கையே மறுபடி ஓட்டினேன்.

மொத்தம் வேறாக வந்தது.

அதே எண்கள், அதே புரோகிராம், அதே இயந்திரம். மூன்றாவது முறை ஓட்டினேன். அது இன்னொரு மொத்தம் சொன்னது. நான்காவது முறை ஓட்டத் தைரியம் இல்லாமல் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. மூன்றும் வேறு வேறு, ஆனால் மூன்றுமே புத்தகத்தைவிடக் குறைவு. ஒருமுறைகூட அதிகமாக வரவில்லை. இயந்திரம் எடையைத் தின்றுகொண்டிருந்தது, ஒவ்வொரு முறையும் வேறு அளவு.

மிஸ் லியோங் லீவு முடிந்து வந்த காலையில், அவர் பையைக் கீழே வைப்பதற்குள் சொன்னேன். "காட்டு" என்றார். காட்டினேன். முதலில் பதிவுப் புத்தகத்தைத் திறந்து மூன்று ஓட்டங்களும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தார். இருந்தன. நான்கு மூளையில் மூன்றை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் வைத்து ஓட்டச் சொன்னார். இரண்டு நாள் ஆனது.  முடிவு வந்தபோது மொத்தம் லெட்சுமி அக்காவின் புத்தகத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. பல டன் வித்தியாசம் நாற்பது கிலோவாகச் சுருங்கியிருந்தது.

"ஒருத்தன் தனியா செஞ்சா சரியா செய்யிறான். நாலு பேரு சேந்தா திருடுறானுங்க" என்றார் மிஸ் லியோங். பிறகு நான் எழுதிய புரோகிராமை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். மத்தியானம் கூப்பிட்டார். ஒரே ஒரு வரியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். மொத்தத்தை எடு, எடையைக் கூட்டு, திருப்பி வை. அந்த வரியை எழுதியது நான்தான்.

துரையை நம்பவைப்பது அதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. விதைக்கு ஆர்டர் எழுதி வைத்துவிட்டார், கையெழுத்துதான் பாக்கி. புதிய இயந்திரத்துக்காகத் தலைமை ஆபீஸில் வாதாடி வாங்கியவரும் அவரே. இயந்திரம் தப்பு செய்யாது என்றார். உதவிக்கு ரிச்சர்டையும் வரவழைத்தார். மிஸ் லியோங் வாதாடவில்லை. கூட்ட அறையில் கரும்பலகையில் பூஜ்யம் என்று எழுதினார். துரைக்குப் பத்து சீட்டு, ரிச்சர்டுக்குப் பத்து சீட்டு கொடுத்தார். ஒவ்வொரு சீட்டிலும் பத்து கிலோ என்று எழுதியிருந்தது. விதி எளிது. பலகையில் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும், மேசைக்குப் போய்ச் சீட்டில் இருப்பதைக் காகிதத்தில் கூட்ட வேண்டும், திரும்பி வந்து பழையதை அழித்துப் புதியதை எழுத வேண்டும். யார் முதலில் பத்து சீட்டையும் முடிக்கிறார் என்று பார்க்கலாம் என்றார்.

போட்டி என்றதும் துரை சட்டைக்கையை மடித்துவிட்டார். இருவரும் பலகைக்கும் மேசைக்கும் ஓடினார்கள். துரைக்கு உடம்பு கனம், ரிச்சர்டுக்குக் கழுத்துப்பட்டை தடை. இருவரும் ஒரே நேரத்தில் முப்பதைப் பார்த்துவிட்டு ஓடுவார்கள். துரை வந்து நாற்பது என்று எழுதுவார். பின்னாலேயே ரிச்சர்ட் வந்து, துரையின் நாற்பதை அழித்துத் தன் நாற்பதை எழுதுவார். ஐந்து நிமிடத்தில் இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். இருபது சீட்டும் தீர்ந்துவிட்டன. பலகையில் நூற்று முப்பது என்று இருந்தது.

இருநூறு வரவேண்டும் என்பதைத் துரை விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டார். ரிச்சர்ட் தன்னுடையதை அழித்துவிட்டார் என்றார். ரிச்சர்ட் மிக மரியாதையாக, நான் உங்கள் எண்ணை அழிக்கவில்லை, நான் முதலில் பார்த்த எண்ணைத்தான் அழித்தேன், அது எப்போது உங்கள் எண்ணாக மாறியது என்று எனக்குத் தெரியாது என்றார். அதைச் சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறியது. அவர் கெட்டிக்காரர், சொல்லும்போதே புரிந்துவிட்டது. துரைக்குப் புரிய மிஸ் லியோங் இன்னொரு சுற்று ஓடுகிறீர்களா என்று கேட்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

"தொர, இதுல யாரு எடைய கூட்டி எழுதுனது?" என்று மட்டும் கேட்டார் மிஸ் லியோங். துரை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விதை ஆர்டர் அன்றே நிறுத்தப்பட்டது. ஆனால் புதிய இயந்திரம் நான்கு மூளையோடும் சரியான விடை சொல்லும்வரை கடிதத்தைத் திரும்பப் பெற முடியாது என்றார். வாங்கிய இயந்திரத்தை ஒற்றை மூளையில் ஓட்டுகிறேன் என்று அவர் தலைமை ஆபீஸில் எப்படிச் சொல்வார்? இரண்டு வார அவகாசத்தில் எங்களுக்கு ஆறு நாள் மிச்சம் இருந்தது.

ரிச்சர்ட் ஒரு வழி சொன்னார். பட்டியலுக்கு ஒரு பூட்டு. ஒரு மூளை மொத்தத்தைத் தொடும்போது மற்ற மூன்றும் வெளியே நிற்க வேண்டும். எழுதி ஓட்டினேன். விடை சரியாக வருவது போலத்தான் தெரிந்தது, ஆனால் வேலை முடிகிறதாக இல்லை. ஒரு நாள் முழுக்க ஓடியும் பாதி தாண்டவில்லை. ஒற்றை மூளையைவிட மெதுவாகப் போனது. ஒருவன் எழுத மூன்று பேர் வரிசையில் நிற்க, பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாகவே நேரம் போயிற்று. எங்கள் லயத்தில் இருபது வீட்டுக்கு ஒரே குழாய் இருந்த காலம் எனக்கு நினைவுக்கு வந்தது. எத்தனை குடம் வைத்திருந்தாலும் தண்ணீர் ஒரே வேகத்தில்தான் வரும்.

அன்று மாலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லெட்சுமி அக்காவைத் தேடிப் போனேன். சதுப்புப் பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தார். இதுவரை சொல்லாததைச் சொன்னேன். கம்ப்யூட்டர் தானாகச் சொல்லவில்லை, நான் எழுதிய ஒரு வரி சொன்னது, அந்த வரி தப்பு என்று. கத்தி கையில் இருந்ததால் கொஞ்சம் தள்ளி நின்றே சொன்னேன்.

அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அன்னிக்கி லெட்டர படிச்சப்ப தெரியுமா தம்பி?"

"தெரியாதுக்கா."

"தெரிஞ்சிருந்தா இந்நேரம் இந்தக் கத்தி சும்மா இருக்காது" என்றார். பிறகு நிமிர்ந்து, "சரி, நாலு பேரும் ஒரே எடத்துலயா எழுதுறாங்க?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"யாருப்பா அந்த மாதிரி வேல வாங்குவா? எங்கிட்டயும்தான் நாலு பேரு இருக்காங்க. ஒரே நோட்டுன்னா அடிச்சிக்குவாங்க. ஆளுக்கு ஒரு நோட்டு. ஒருத்தன் நோட்ட இன்னொருத்தன் தொட மாட்டான். சாயங்காலம் நான் ஒருத்தி உக்காந்து நாலையும் கூட்டுவேன்."

வந்தவன் அப்படியே மோட்டாரைத் திருப்பப் போனேன். அவர் கூப்பிட்டு நிறுத்தினார். ஆளுக்கு ஒரு வயல் என்று பிரித்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். நாலாவது வயலில் பாதி மரம் செத்துப்போய்விட்டது, அங்கே போகிறவன் சீக்கிரம் முடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான், மற்றவன் வெயிலில் சாவான் என்றார். வயலைக் கொடுக்காதே, வரிசையைக் கொடு, ஒரு வரிசை முடித்தவன் அடுத்த வரிசையை எடுத்துக்கொள்ளட்டும் என்றார். ரிச்சர்டின் இரண்டு நாள் வகுப்பில் இந்த இரண்டும் இல்லை.

இரண்டு நாளில் எழுதி முடித்தேன். ஒவ்வொரு மூளைக்கும் தனிப் பட்டியல், கடைசியில் ஒரு மூளை மட்டும் நான்கையும் கூட்டும். வேலையை வரிசை வரிசையாக எடுத்துக்கொள்ளும். ஓட்டினோம். அரை நாளைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முடிந்தது. மறுபடி ஓட்டினோம், அதே மொத்தம். மூன்றாவது முறையும் அதே. மிஸ் லியோங் ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் கையெழுத்துப் போட்டார். சிறந்த மூன்று வகைகளில் ஒன்று மாறியிருந்தது. நான்கு மடங்கு வேகம் வந்ததா என்று துரை கேட்டார். கணக்குக்கு வந்தது, ஆனால் பிரிண்டர் ஒன்றுதானே, அது பழைய வேகத்தில்தான் அடிக்கிறது என்றேன். நான்கு பிரிண்டர் வாங்கலாமா என்று யோசித்தவரை மிஸ் லியோங் ஒரு பார்வையில் நிறுத்தினார்.

நாற்பது கிலோ மட்டும் அப்படியே நின்றது. பக்கம் பக்கமாகத் தேடினேன். ஒரு பக்கத்தின் அடியில் லெட்சுமி அக்கா கூட்டும்போது நாற்பதை விட்டுவிட்டிருந்தார். கூட்டி எழுதியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், உண்மையில் குறைத்து எழுதியிருந்தார். சொல்லாமல் விடலாமா என்று மிஸ் லியோங்கைக் கேட்டேன். "அவங்களுக்கே காட்டு" என்றார். காட்டினேன். அக்கா அந்தப் பக்கத்தை இரண்டு முறை கூட்டிப் பார்த்துப் புத்தகத்தை மூடினார்.

துரை மன்னிப்புக் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்னிடம் கொடுத்தனுப்பினார். அக்கா வாங்க மறுத்துவிட்டார். பெரட்டில் கொடுத்ததைப் பெரட்டில்தான் திருப்பி எடுக்க வேண்டும், எல்லோருக்கும் புரிகிற பாஷையில் என்றார்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் பெரட்டுக்கு மிஸ் லியோங்கும் நானும் போயிருந்தோம். துரை ஆங்கிலப் பள்ளியில் படித்தவர், மேடைத் தமிழ் வராது. லெட்சுமி சொன்ன எடை சரி, இயந்திரத்துக்கு வேலை கொடுத்த விதம் தப்பு, நான் விசாரிக்காமல் அவசரப்பட்டது தப்பு என்று மூன்று வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தார். நடுவில் ஒருமுறை "விசாரிக்காமல்" என்பது "விகாரிக்காமல்" ஆனது. யாரும் சிரிக்கவில்லை. நானும் இயந்திரத்துக்கு வேலை கொடுத்தவன் நான்தான் என்று முன்னால் போய்ச் சொன்னேன். 

எல்லாம் முடிந்தது என்று துரை தாளை மடித்தபோது லெட்சுமி அக்கா முன்னால் வந்தார்.

"என் புஸ்தகத்துலயும் ஒரு தப்பு இருக்கு தொர. நாப்பது கிலோ விட்டுட்டேன். கிராணி தம்பி காட்டுனாரு, நான் ரெண்டு தடவ கூட்டி பாத்தேன், தப்பு என்னோடதுதான். எனக்கும் ஒரு லெட்டர் குடுத்துருங்க. இந்த வாட்டி தமிழ்ல."

அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை, கொடுக்கிறேன் என்றார். உண்மையிலேயே மறுநாள் பெரட்டில் கொடுத்தார். இரண்டே வரி, அவர் கையாலேயே எழுதியது. அக்கா அதை என்னிடம் நீட்டவில்லை. வெளிச்சத்தின் பக்கம் திரும்பி நின்று, அத்தனை பேர் முன்னாலும் தானே சத்தமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற மிஸ் லியோங்கிடம் பென்சிலை வாங்கி, மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்தி, கடிதத்தைத் துரையிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு நான்கு பேரையும் நான்கு நோட்டோடு அழைத்துக்கொண்டு எடை போடப் போனார்.